கதிர்காமப் பாதயாத்திரை உணர்த்திய உண்மை



எமது ஆலயத்தின் வருடாந்த மகோற்சவத்தை முன்னிட்டு வெளியிடப்படும் இம்மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, முருகப் பெருமானின் தத்துவங்களைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் தத்துவங்களை எழுதுவதற்குக் கற்றறிந்த பெரியோர் பலர் இருக்கின்றார்கள். ஆகவே எம்பெருமான் என் வாழ்வில் உணர்த்திய ஒன்றை உங்களுடன் பகிர்ந்து கொள்வதே பொருத்தம் எனத் துணிந்தேன். குற்றம் குறை இருப்பின் பொறுத்தருள்க.

ஈழத் திருநாட்டில் முருகன் உவந்து உறையும் தலங்களில் தலையாயது கதிர்காமம். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற பதி அது. தொண்டைமானாற்றங்கரையிலே உள்ள செல்வச்சந்நிதியைச் சின்னக் கதிர்காமம் என்று எம்மவர் போற்றுவர். இவ்விரு தலங்களிலும் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டி மௌனமாகவே பூசை செய்வார். இந்த இரு பதிகளையும் இணைக்கும் உயிர்நாடியாக விளங்குவது பாதயாத்திரை. சந்நிதியிலிருந்து வேலை முன்னே ஏந்திப் புறப்படும் அடியார்கள் வன்னி மண்ணைக் கடந்து, நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மனை வணங்கி, திருகோணமலையில் கோணேசப் பெருமானைத் தொழுது, வெருகல், மட்டக்களப்பு மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் ஆகிய தலங்களைத் தரிசித்து, உகந்தைமலையை அடைவர். அதன்பின் காட்டுப் பாதை. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று காட்டு வழியே நடந்து மாணிக்க கங்கைக் கரையை அடைவர். எல்லாமாக 500 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். நடக்க ஒன்றரை மாதத்துக்கும் மேல் செல்லும்.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வாறு நடந்து செல்வது இயலாத காரியமாயிற்று. 2009ஆம் ஆண்டின் பின்னர் பாதைகள் மீண்டும் திறந்தன. இளவயதில் நடக்க ஆசைப்பட்டு, முடியாமற் போய், முதுமையில் அந்த ஆசையை நிறைவேற்றியோர் பலர். அவர்களில் ஒருவர் என்னுடைய மூத்த சகோதரி.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலைப் பொழுது அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 68. அவர் எங்கள் வாசலை மிதித்து 11 வருடங்கள் ஆகியிருந்தன. தாய் தந்தையர் விட்டுச் சென்ற காணியில் உள்ள கிணற்றுப் பங்கிலும் அதற்குப் போகும் பாதையிலும் எமக்குள் பிணக்கு ஏற்பட்டு, நடுவிலே தகர வேலி அடைத்து, பேச்சுவார்த்தையும் அற்றுப் போயிருந்தது. யாரில் பிழை என்று இங்கே எழுத வரவில்லை. நான் முப்பது வருடங்களுக்கு மேல் அரசாங்கத்தில் இலிகிதராகக் கடமையாற்றியவன். உறுதி, வரைபடம், கடிதப் பிரதி எல்லாவற்றையும் ஒரு கோவையில் ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தேன். கோவை என் பக்கம் சரியாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

அக்கா உள்ளே வரவில்லை. முற்றத்தில் நின்றபடியே, "தம்பி, நான் கதிர்காமத்துக்கு நடக்கப் போறன். போட்டு வாறன். நான் ஏதும் பிழை விட்டிருந்தா மனசிலை வைச்சிருக்காதை" என்றார். யாத்திரை போகிறவர் உற்றார் அயலாரிடம் விடைபெற்று, மன்னிப்பும் கேட்டுப் புறப்படுவது எம் முன்னோர் வகுத்த முறை. அந்த முறைக்கு வந்தவரிடம் "இருங்கோ" என்று ஒரு சொல் சொல்ல என் வாய் எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போய்விட்டார்.

மறுநாளே மனம் உறுத்தத் தொடங்கியது. ஆயினும் அதை வெளியில் காட்டவில்லை. அக்காவின் மகள் தினமும் பொழுதுபட என் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, "மாமி, அம்மா ஆக்கள் இண்டைக்கு இன்ன கோயிலடியிலை தங்கியிருக்கினமாம்" என்று சொல்லுவாள். நான் விறாந்தையில் பத்திரிகை வாசிப்பவன்போல இருந்து அதைச் செவிமடுப்பேன். பேரப்பிள்ளையின் தேசப்படப் புத்தகத்தை எடுத்து வைத்து, ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதி, இடம், அன்றைய தூரம், மிகுதித் தூரம் என்று நிரல் போட்டு எழுதலானேன். உத்தியோகப் பழக்கம் விடுமா? அக்காவின் காலில் கொப்புளம் வந்த செய்தியும் அந்தக் கொப்பியில் உண்டு. முல்லைத்தீவுப் பகுதியைக் கடந்த நாட்களில் அவர் யாருடனும் அதிகம் பேசாமல் நடந்தார் என்ற செய்தியும் உண்டு. வழிநெடுகிலும் ஊரவர்கள் முகம் தெரியாத யாத்திரிகர்களை "சாமி" என்று அழைத்து, கால் கழுவத் தண்ணீர் வார்த்து, கஞ்சியும் மோரும் கொடுத்து உபசரித்தார்கள் என்று கேட்டபோது, சொந்தத் தம்பி ஒரு செம்பு தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியது நினைவுக்கு வந்தது. அதை மாத்திரம் நான் கொப்பியில் எழுதவில்லை.

யூலை தொடக்கத்தில் அவர்கள் உகந்தையை விட்டுக் காட்டுக்குள் இறங்கினார்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியுடன் குறித்த நாட்களில் மாத்திரமே அப்பாதை திறக்கப்படும். யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் காடு. குடிதண்ணீருக்குக் கஷ்டம். பல இடங்களில் தொலைபேசித் தொடர்பும் கிடையாது. அன்றிலிருந்து மருமகளின் அழைப்பில் செய்தி எதுவும் இல்லை. கொப்பியிலே திகதியை எழுதினேன். இடம் என்ற நிரல் வெறுமையாகவே இருந்தது. இரண்டாம் நாளும் வெறுமை. மூன்றாம் நாள் இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அக்கா திரும்பி வராவிட்டால், அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு தலையாட்டல்தான் என்ற எண்ணம் நெஞ்சை அழுத்தியது.

விடியற்காலையில் எழுந்து குளித்து எமது ஆலயத்துக்கு வந்தேன். மூலஸ்தானத் திரை மூடியிருந்தது. பூசைக்கு நேரம் இருந்தது. தர்மகர்த்தா என்ற முறையில் எத்தனையோ நாள் அந்தத் திரைக்கு முன்னால் நின்று, விளக்குக்கு எண்ணெய் போதுமா, பூமாலை வந்ததா என்று கணக்குப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் ஒன்றும் பாராமல் நின்றேன். கதிர்காமத்தில் திரை விலகுவதே இல்லை. திரையில் எழுதிய திருவுருவத்தையே அடியார்கள் கண்டு வணங்குவார்கள். இறைவன் உள்ளே இருக்கின்றான், எமக்கும் அவனுக்கும் இடையே ஒரு மறைப்பு இருக்கின்றது. சைவ சித்தாந்தம் அம்மறைப்பை ஆணவம் என்று கூறும். எனக்கும் அக்காவுக்கும் இடையே நின்ற தகர வேலியை நான் அடைத்தது காணியிலே என்று நினைத்திருந்தேன். அது முதலில் அடைக்கப்பட்ட இடம் என் நெஞ்சு என்பது அன்று விளங்கியது.

ஆறாம் நாள் மாலை, மாணிக்க கங்கையில் இறங்கி நீராடிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. தீர்த்தம் முடிந்து அக்கா பேருந்தில் ஊர் திரும்பினார். அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். படலையைத் திறக்கும்போது கை நடுங்கியது. அக்கா கறுத்து மெலிந்து போயிருந்தார். என்னைக் கண்டதும், "வா தம்பி, இரு" என்றார். நான் சொல்லத் தவறிய சொல் அது. பிறகு ஒரு சிறு துணிப்பையை அவிழ்த்து விபூதிப் பொட்டலத்தையும் சில அர்ச்சனைச் சீட்டுகளையும் என்னிடம் தந்தார். வற்றாப்பளை, கோணேசர், மாமாங்கம், திருக்கோவில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தலத்துச் சீட்டு. "போன இடமெல்லாம் உன்ரை பேரும் நட்சத்திரமும்தான் முதல் சொன்னனான். எங்கடை வீட்டுக் கடைக்குட்டி நீதானே" என்றார்.

அடியார்களே, ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நான் அக்காவைப் பின்தொடர்ந்ததாக எண்ணியிருந்தேன். அவரோ என்னையும் கூட்டிக்கொண்டே நடந்திருக்கிறார். நான் கணக்கெழுதிய ஒவ்வொரு இடத்திலும் என் பெயர் எனக்கு முன்னரே சந்நிதானத்தை அடைந்திருந்தது.

கதிர்காமத் தலத்தின் உட்பொருளும் இதுவே என்று பின்னர் சிந்தித்தேன். அது வள்ளியம்மை வாழ்ந்த இடமாகப் போற்றப்படுவது. தினைப்புனம் காத்த வேடர்குலப் பெண் முருகனைத் தேடிச் செல்லவில்லை. தேவசேனாபதியாகிய பெருமானே வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வடிவு கொண்டு, காடும் மலையும் கால் நோக நடந்து அவளைத் தேடிச் சென்றான். இன்றும் கதிர்காமத் திருவிழாவில் இரவு தோறும் பெருமான் யானை மீது எழுந்தருளி வள்ளியம்மன் கோயிலுக்குச் செல்கின்றான். ஆன்மா இறைவனை நோக்கி ஓரடி வைப்பதற்கு முன்னே இறைவன் ஆன்மாவை நோக்கிப் புறப்பட்டு விடுகின்றான். பாத யாத்திரை செய்பவர் அவனை நாடிப் போவதாகக் காண்கின்றோம். உண்மையில் அவனுடைய வேல்தான் முன்னே சென்று வழிகாட்டுகின்றது.

கந்தபுராணம் காட்டும் சூரசங்காரத்தையும் நினைந்து பாருங்கள். மாமரமாய் நின்ற சூரபன்மனை வேல் இரு கூறாகப் பிளந்தது. அந்த இரு கூறும் மயிலும் சேவலுமாகிப் பெருமானைத் தாக்க வந்தன. அவற்றையும் அருட்கண்ணால் நோக்கி, ஒன்றை வாகனமாகவும் மற்றதைக் கொடியாகவும் ஏற்றுக்கொண்டான். பகைவனை இல்லாமற் செய்வதிலும் பெரிது பகையை இல்லாமற் செய்வது. எமது ஆலயத்தில் சேவற்கொடி ஏறும்போது நாம் எல்லோரும் அரோகரா சொல்லிக் கும்பிடுகின்றோம். ஒரு காலத்தில் பகையாய் நின்றதையே கும்பிடுகின்றோம் என்பதை மறந்து விடுகின்றோம்.

அந்த வருட ஆடி மாதத்திலேயே அக்காவும் நானும் பேசித் தீர்த்து, தகர வேலியின் நடுவில் ஒரு படலை வைத்தோம். கிணறு இப்போது இருவருக்கும் பொது. காணிக் கோவையை அலுமாரியின் அடித்தட்டில் போட்டுவிட்டேன். அந்த அப்பியாசக் கொப்பியைச் சுவாமி அறையில் வைத்திருக்கிறேன். வெறுமையாக விட்ட நாட்களை நான் இன்னமும் நிரப்பவில்லை. அந்த நாட்களில் அக்கா எங்கே இருந்தார் என்பதை அவனே அறிவான்.

எமது கிராமத்திலிருந்தும் வருடந்தோறும் ஓரிருவர் பாதயாத்திரை செல்கின்றார்கள். நடக்க இயன்றவர்கள் நடவுங்கள். இயலாதவர்கள் அவர்களை வாசல் வரை வந்து வழியனுப்புங்கள். வழியிலே வரும் யாத்திரிகர்களுக்கு ஒரு செம்பு தண்ணீராவது கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உடன்பிறந்தாருடனோ அயலாருடனோ மனத்தாங்கல் உள்ளவர்கள் இம்முறை கொடியேற்றத்துக்கு முன்னே அதைத் தீர்த்துக்கொண்டு ஆலயத்துக்கு வாருங்கள். மன்னிப்புக் கேட்க வந்தவர் முற்றத்தில் நின்றால், முதலில் "இருங்கோ" என்று சொல்லுங்கள். தர்மகர்த்தா என்ற முறையில் அன்றி, அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டுத் தவித்தவன் என்ற முறையில் இதைக் கேட்டுக்கொள்கின்றேன்.

எல்லோர் நெஞ்சிலும் உள்ள திரை விலகி, எம்பெருமான் திருவருள் கைகூடப் பிரார்த்திக்கின்றேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

சுபம்.