ஏடும் வாழ்வும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழர் முதுமொழி. செயலில்லாக் கல்வி கனியில்லா மரம் என்பது அரபு வழக்கு. இரண்டும் உண்மையே. எனினும், அறிவு வளர்ச்சியில் குறைபாடுடைய குழந்தையின் முன்னே இவற்றைச் சொல்லுமுன் நாம் சற்றுத் தயங்க வேண்டும். "இவனுக்கு ஏடு எதற்கு? உண்ணவும் உடுக்கவும் பழகினால் போதாதா?" என்னும் கேள்வியில் பரிவும் இருக்கிறது, ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது.

இந்த வாதம் அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக நடந்து வருகிறது. குறைபாடுடைய குழந்தைகள் அனைவருக்கும் தக்க கல்வியை இலவசமாக அளிக்க வேண்டும் என்று அங்கே 1975இல் சட்டம் பிறந்தது. மறு ஆண்டே லூ பிரவுன் என்னும் அறிஞரும் அவர்தம் தோழர்களும், கற்பிப்பது எதுவாயினும் வளர்ந்தபின் வாழும் வாழ்வுக்கு உதவ வேண்டும் என்றனர். கடைக்குச் செல்லல், பேருந்தில் ஏறல், சமைத்தல் ஆகியவை பாடங்களாயின. நல்ல மாற்றமே. ஆனால் எழுத்தும் எண்ணும் இவர்களுக்கு எட்டா என்று ஒதுக்குவோர்க்கு அதுவே சாக்காகவும் அமையக்கூடும் அன்றோ?

1984இல் ஆன் டானெலன் என்னும் அம்மையார் ஒரு நெறியை வகுத்தார். குழந்தையின் திறன் குறித்து உறுதியான சான்று இல்லாதபோது, பிழையாகிப் போனாலும் மிகக் குறைந்த தீங்கு விளைவிக்கும் கணிப்பையே கொள்ள வேண்டும் என்பது அது. முடியும் என்று கற்பித்து, முடியாமற்போனால் சில காலம் வீண். முடியாது என்று கைவிட்டு, உண்மையில் முடிந்திருக்குமாயின் ஓர் ஆயுளே வீண். நேரமும் ஒரு முதல்தான் என்பதை நாம் மறுக்கவில்லை. பொத்தான் போடத் தெரியாத சிறுவனுக்குப் பின்னக் கணக்கு மட்டுமே சொல்லித் தருவது கல்வியாகாது.

2017இல் கொலராடோ மாநிலத்துச் சிறுவன் ஒருவனின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆட்டிசம் உடைய அவனுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே இலக்குகளையே பள்ளி வைத்தது என்பது பெற்றோரின் முறையீடு. எல்லாக் குழந்தைகளும் வகுப்புத் தரத்தை எட்டியாக வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் பெயரளவு முன்னேற்றம் போதாது, அவனவன் நிலைக்கேற்ற உயர்ந்த இலக்கு வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

நம்மிடமும் ஒரு பிழையுண்டு. இருபதாண்டுகளுக்கு முன் நம் மதரஸாவில் ஒரு சிறுவன் இருந்தான். எழுத்துக் கூட்ட அவனால் இயலவில்லை. இரக்கப்பட்டுப் பாடத்திலிருந்து விடுவித்து, பாய் விரிக்கவும் ஹவுளில் நீர் நிரப்பவும் பழக்கினோம். அழகாகச் செய்தான், நாமும் மனநிறைவு கொண்டோம். அண்மையில் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டோம். வந்து நின்ற ஒவ்வொரு வண்டியையும் காட்டி, இது நம்மூருக்குப் போகுமா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் ஸலாம் கூறி, "ஹஜ்ரத், போர்டைப் பாத்துச் சொல்லுங்க" என்றான்.

ஓர் ஊரின் பெயர். அதை மட்டுமாவது ஓராண்டு முயன்று கற்பித்தோமா? இல்லை. வாழ்வுக்கு இது போதும் என்று நாம் அளித்த பயிற்சி, அவனைப் பள்ளிவாசலின் வாயிலுக்கு அப்பால் கொண்டு செல்லவில்லை.

பேருந்துப் பலகையைப் படிப்பது ஏட்டுக் கல்வியா, வாழ்வுத் திறனா? மீதிச் சில்லறையை எண்ணுவது கணிதமா, பிழைப்பா? இரண்டையும் பிரித்தவர்கள் நாமே. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அவ்வுரிமையைப் பெற்றோர் கேட்டுப் பெற வேண்டும். பள்ளி எழுத்தைக் கைவிடாதிருக்க வேண்டும். பதினைந்து வயது மகனுக்குத் தாமே சட்டைப் பொத்தான் போட்டுவிடும் தாய்மாரும் சற்றே கையை விலக்கிக் காத்திருக்க வேண்டும். அவன் தாமதமாகப் போடட்டும், கோணலாகவும் போடட்டும். இவனால் இவ்வளவுதான் என்று எல்லை வகுக்கும் அவசரம் நமக்கு வேண்டாம்.