கண்ணாடிக்குள் குளிரும் மலை

சிங்கப்பூர் சென்று திரும்புவோர் கொண்டுவரும் நிழற்படங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்னொரு காலத்தில் சிராங்கூன் சாலைக் கடைவாசலில் நின்று எடுத்த படம் வரும். பின்னர் நீரைப் பொழியும் சிங்கச் சிலைக்கு முன்னால் எடுத்த படம் வந்தது. இப்போது வலங்கைமான் வட்டாரத்து வீடுகளில் பார்க்கும் படங்களில், ஊதா நிற ஒளி வீசும் மாபெரும் இரும்பு மரங்களுக்குக் கீழே நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். இரும்பை நட்டுவைத்து அதை மரம் என்று அழைப்பது முறையா என்று கேட்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பூலோகத்தில் ஒரு சொர்க்கம் என்று வியப்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் சற்று விரைவாகவே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள் என்பது நம் எண்ணம்.

கரையோரப் பூந்தோட்டங்கள் என்று தமிழில் வழங்கப்படும் இந்தப் பூங்கா, மரீனா குடாவின் ஓரத்தில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தின்மீது அமைந்தது. 2012-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் இறுதியில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மொத்தப் பரப்பு 101 ஹெக்டேர். மக்கள் பெரிதும் கூடும் தென்பகுதி மட்டும் 54 ஹெக்டேர். நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ இருபது வேலி. இருபது வேலி நிலத்தை நெல்லுக்கென்று வைத்திருந்த பண்ணைகளை நம் மாவட்டம் அறியும். பூவுக்கென்று வைத்த ஊரை அறியாது.

அங்கே 18 இரும்பு மரங்கள் நிற்கின்றன. உயரம் 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை. அவற்றின் உடலெங்கும் கொடிகளும் பெரணிகளும் ஆர்க்கிட் செடிகளுமாக 1,60,000-க்கும் மேற்பட்ட செடிகள் படர்ந்துள்ளன. 11 மரங்களின் உச்சியில் சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தகடுகள் உண்டு. வேறு சில, உள்ளிருக்கும் கண்ணாடி மாளிகைகளின் காற்றையும் கொதிகலனின் புகையையும் வெளியேற்றும் போக்கிகளாக இயங்குகின்றன. அழகுக்கென்று நிறுத்திய வெறும் தூண்கள் என்று எண்ணி வருபவருக்கு இச்செய்தி வியப்பளிக்கும்.

கண்ணாடி மாளிகைகள் இரண்டு. மலர்க் கூடம் 1.2 ஹெக்டேர் பரப்புடையது. 3,332 கண்ணாடிப் பலகைகளால் ஆனது. உலகிலேயே மிகப் பெரிய கண்ணாடிப் பசுமைக்கூடம் என்று 2015-இல் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. வெளியே வெயில் சுட்டெரிக்கும்போது உள்ளே 23 முதல் 25 பாகை வெப்பமே இருக்கும். மத்தியதரைக் கடல் நாடுகளின் வசந்தகாலம் அங்கே ஆண்டு முழுவதும் நிற்கிறது. ஆயிரம் ஆண்டு வயதுடையவை எனச் சொல்லப்படும் ஒலிவ மரங்களையும் வேரோடு பெயர்த்துக் கொணர்ந்து நட்டிருக்கிறார்கள். கெத்சமனியைச் சொல்லால் மட்டும் அறிந்த நம்மவர்கள், முறுக்கேறிய அந்த அடிமரத்தின் முன் சற்று நேரம் பேச்சற்று நிற்பதைக் கண்டோம். அடுத்த மாளிகையாகிய மேகக் காட்டினுள் 35 மீட்டர் உயர மலையொன்றை எழுப்பி, அதன் உச்சியிலிருந்து அருவியை விழச்செய்து, கொடைக்கானல் போன்ற மலைகளின் உயரத்தில் மட்டுமே வாழும் செடிகளை அதில் வளர்க்கிறார்கள். நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே, கடல் மட்டத்தில், மூடுபனி!

இது இயற்கைக்கு மாறானது என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். காவிரிப் படுகையில் பிறந்த நாம் அதைச் சொல்லுமுன் தயங்கவேண்டும். வலங்கைமானைத் தொட்டோடும் குடமுருட்டியை ஆறு என்கிறோம். ஆனால் அதில் தண்ணீர் வருவதும் வராததும் மேட்டூரிலும் கல்லணையிலும் கதவுகளைத் திறப்பவரின் கையில் இருக்கிறது. கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது. மேட்டூர் அணை 1934-இல் நிறைவுற்றது. இவ்விரண்டுக்கும் இடையே எத்தனை வாய்க்கால்கள், மதகுகள், தலைப்புகள்! வரப்பு வெட்டிச் சமன்செய்து நீரைத் தேக்கி நெல்லை மட்டுமே வளரவிடும் வயல், சதுப்பு நிலத்தின் இயல்பான தோற்றமன்று. நம் மூதாதையர் கட்டிய பூங்கா அது. சிங்கப்பூரிலும் நீரே முதற் பொருள். 2008-இல் மரீனா கால்வாயின் குறுக்கே தடுப்பணை கட்டிக் கடல்நீரை வெளியே நிறுத்திக் குடாவை நன்னீர்த் தேக்கமாக மாற்றிய பிறகுதான் அதன் கரையில் இந்தப் பூங்கா எழுந்தது. கடைமடையில் உப்புநீர் ஏறுவதைக் கண்டு வருந்தும் நம் உழவர்களுக்கு, அந்தத் தடுப்பணையின் பயனை எவரும் விளக்கவேண்டியதில்லை. மனிதன் செய்தது என்பதனாலேயே ஒன்று தீதாகிவிடாது. ஏதேனில் வைக்கப்பட்ட மனிதனுக்குப் பண்படுத்துவதும் பாதுகாப்பதுமாகிய இரண்டு பணிகள் சேர்த்தே தரப்பட்டன என்று தொடக்க நூலில் படிக்கிறோம்.

பாதுகாப்பது என்ற இரண்டாம் பணியில் அவர்கள் நம்மைவிட முன்னே நிற்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நகரின் சாலையோர மரங்களையும் பூங்காக்களையும் கழிக்கும்போது விழும் கிளைகளை எரித்து, அந்த வெப்பத்தால் மின்சாரம் ஆக்கி, எஞ்சும் வெப்பத்தைக் காற்றின் ஈரத்தை நீக்கப் பயன்படுத்துகிறார்கள். மாளிகை முழுவதையும் குளிர்விக்காமல், தரைக்குள் குளிர்நீர்க் குழாய்களைப் பதித்து, மனிதரும் செடிகளும் இருக்கும் கீழ்ப்பகுதியை மட்டும் குளிர்விக்கிறார்கள். மேகக் காட்டிலிருந்து வெளியேறுமுன், உலகின் வெப்பம் ஐந்து பாகை உயர்ந்தால் என்னவாகும் என்பதைக் காட்டும் கூடம் ஒன்றும் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நம் நினைவெல்லாம் 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலில் இருந்தது. அந்த ஓர் இரவில் சாய்ந்த தென்னைகளை எண்ணி முடிக்க வாரக்கணக்காயிற்று. சுடும் உலகத்தின் கதையை அங்கே குளிரூட்டிய கூடத்தில் இருந்து பார்க்கிறார்கள். இங்கே அது வீட்டுக் கூரையைப் பிரித்துக்கொண்டு உள்ளே வருகிறது. இந்த வேறுபாட்டுக்குச் சிங்கப்பூரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் ஒரு வசந்தத்தைக் கண்ணாடிக்குள் காப்பாற்றிவிட்டால் வெளியே உள்ள வசந்தத்தை மறந்துவிடலாம் என்ற மயக்கம் மனிதருக்கு எளிதில் வரும். செடிகளைப் பேழைக்குள் ஏற்றுவதே போதும் என்றால் நோவாவுக்கு மலைமேல் நிலம் தேவைப்பட்டிராது.

எனினும் நம்மை வெகுநேரம் அலைக்கழித்த கேள்வி இதுவன்று. இவ்வழகு யாருடைய கைகளால் ஆயிற்று, அக்கைகளுக்கு அதில் பங்கு என்ன என்பதே அது.

சிங்கப்பூரின் பூங்காவுக்கும் நம் மாவட்டத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1859-இல் அங்கே தோன்றிய தாவரவியல் பூங்காவிற்கு, இலண்டன் அருகிலுள்ள கியூ தோட்டத்திலிருந்து 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தன. 1888-இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். மலாயா முழுவதும் ரப்பர் காடு பரவியது. அக்காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே சென்ற நம் மக்கள் நாகப்பட்டினத் துறையில் கப்பலேறினார்கள். ஒரு பூங்காவில் முளைத்த கன்று எத்தனை ஆயிரம் குடும்பங்களை வேர் பெயர்த்தது என்பதை எந்தத் தாவரவியல் பலகையிலும் எழுதமாட்டார்கள்.

இதில் வலங்கைமானுக்குத் தனியாக ஓர் இடம் உண்டு. பங்குனித் திருவிழாவில் எடுக்கும் பாடைக்காவடிக்காகவும் வெடித் தொழிலுக்காகவும் ஊரை அறிந்தவர்கள் பலர். ஆங்கிலச் சொல்வன்மைக்குப் பேர்போன வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1869-இல் இவ்வூரில் பிறந்தவர் என்பதை அறிந்தவர்கள் சிலரே. மலாயாவில் இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய இந்திய அரசு அனுப்ப, அவர் அங்கே சென்று, 1937-இல் அறிக்கை அளித்தார். கங்காணி மூலம் ஆள்பிடிக்கும் முறை ஒழியவேண்டும் என்றார். ஆயினும் தோட்ட வாழ்க்கையைக் குறித்து அவர் எழுதியது மிக மென்மையானது என்று அங்கிருந்த இந்தியர் பலர் மனம் கசந்தனர். அறிவும் நேர்மையும் உடைய ஒருவர் ஓர் இடத்தை விருந்தாளியாகச் சுற்றிப் பார்க்கும்போது எதைக் காண்கிறார், எது அவர் கண்ணுக்குத் தப்புகிறது? நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பூங்காவைச் சுற்றும் நமக்கும் பொருந்தும் கேள்விதான்.

ஒரு ஞாயிறு மாலை. இரும்பு மரங்களின் கீழே நாள்தோறும் நடக்கும் ஒளியும் இசையும் சேர்ந்த காட்சிக்குக் கட்டணம் இல்லை. புல்தரையில் படுத்தபடி அதைக் காண வந்தவர்களில் தமிழ் இளைஞர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் வலங்கைமானுக்கு அடுத்த சிற்றூர்க்காரர். கட்டடங்களில் கம்பி கட்டுபவர். வந்து ஒன்பது ஆண்டுகள் ஆயின என்றார். கண்ணாடி மாளிகைக்குள் போனதுண்டா என்று கேட்டோம். "ஒரே ஒரு தடவ போனேன் ஐயா. அம்மாவுக்குப் போன்ல காட்டணும்னு டிக்கெட் எடுத்துப் போனேன்." அம்மா என்ன சொன்னார்கள், தம்பி? அவர் சிரித்தார். "அந்த ஒலிவ மரத்தக் காட்டுனேன். 'காய்க்குதாடா?'ன்னு கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல."

நிலத்தோடு வாழ்ந்தவரின் கேள்வி அது. அதில் ஏளனமில்லை, பக்கத்து வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரத்தைப் பற்றிக் கேட்பதுபோல்தான் கேட்டிருக்கிறார்.

அந்தத் தம்பியிடம் மனக்குறை எதுவும் தென்படவில்லை என்பதையும் உண்மையாகக் குறிக்கவேண்டும். அங்கே உழைத்துத்தான் தங்கையின் திருமணத்தை முடித்திருக்கிறார். ஆனால் முகவருக்குக் கொடுக்க நகையை அடகுவைத்துப் புறப்பட்டவர்கள், லாரியின் பின்புறத்தில் அமர்ந்து வேலைத்தளத்துக்குப் போகிறவர்கள், ஓர் அறையில் பலராகத் தங்குகிறவர்கள் என்ற உண்மைகள் அந்த ஒளிக்காட்சியால் மறைந்துவிடா. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது சிங்கப்பூரில் நோயுற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் இத்தகைய விடுதிகளில் இருந்த அயல்நாட்டுத் தொழிலாளர்களே. நகரத்தின் கண்ணுக்கு அவர்கள் அதுவரை எவ்வளவு தொலைவில் இருந்தார்கள் என்பதை அந்த ஆண்டு காட்டிற்று. செடிக்கு எத்தனை பாகை வெப்பம் உகந்தது என்று இவ்வளவு நுட்பமாக அறிந்த நகரம் அது.

உயிர்த்த ஆண்டவரைக் கண்ட மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினார் என யோவான் எழுதுகிறார். ஆண்டவர் அந்த எண்ணத்தைக் கடிந்துகொண்டதாக ஒரு சொல்லும் அங்கே இல்லை. தோட்டத்துக்குப் போகிறவர் தோட்டக்காரரிடம் பேசுவது அன்று இயல்பாக இருந்தது. இன்று தோட்டத்தில் நாம் தேடுவது படம் எடுக்க வாகான இடத்தை.

அப்படியானால் அங்கே போய் மகிழ்வது தவறா? தவறென்று நாம் கருதவில்லை. உழைத்தவர் வியர்வையை அறிந்த பின்னும் அழகு அழகாகவே இருக்கிறது. அதைப் பார்க்க மறுப்பதால் எந்தத் தொழிலாளிக்கும் ஒரு வெள்ளி கூடிவிடாது. தஞ்சைப் பெருங்கோயிலையும் நாம் அவ்வாறுதான் பார்க்கிறோம். ஆனால் பார்த்தவருக்கு ஒரு கடன் ஏற்படுகிறது. அக்கடனை அந்த நாட்டின் அரசிடம் அடைக்கச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கண்குளிர்ந்த நம் நெல்வயலுக்கும் கணக்கு உண்டு. கூலி நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்ட உழைப்பாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 உயிர்கள் கீழவெண்மணியில் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டது 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு. நாம் நள்ளிரவுத் திருப்பலியில் குழந்தை இயேசுவுக்குப் பாட்டுப் பாடி ஒரு நாள்கூட முழுமையாகக் கழிந்திராத நேரம். அந்த வயல்களும் பச்சையாகவே இருந்தன.

இன்று நடவுக்கு நம் ஊரில் ஆள் இல்லை. கம்பி கட்டவும் சுவர் எழுப்பவும் இளைஞர்கள் கடல் கடந்துவிட்டார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் பிற வடமாநிலங்களிலிருந்தும் வரும் தொழிலாளர் குழுக்கள் தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் நாற்றுப் பறித்து நடுகின்றன. ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதற்கும் ஒரு முகவர் இருக்கிறார். சிங்கப்பூரில் ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயம் அங்கே பிழைக்கச் சென்ற தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-இல் கட்டி முடிக்கப்பட்டது; நம் பிள்ளைகள் இன்றும் ஞாயிறன்று அங்கே தமிழில் திருப்பலி காண்கிறார்கள். இங்கே வந்திருப்பவர்களுள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்களும் இருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடவு நடக்கிறது. மாலையில் அவர்கள் வாய்க்காலில் கைகால் கழுவிவிட்டு, மோட்டார் கொட்டகையில் சோறு பொங்கி, கைப்பேசியில் யாருக்கோ நம் வயலைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.