அரக்கும் கல்லும்

ஒட்டிய இரு பொருள்கள் ஒன்றா, இரண்டா? வைசேடிக மெய்யியலார் பிரிக்கக்கூடிய சேர்க்கையைச் சையோகம் என்றும், பிரிக்க முடியாததைச் சமவாயம் என்றும் வகுத்தனர். பசை எவ்வளவு வலியதானாலும் சையோகமே. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திர விளக்கத்தில், அரக்கை உருக்கிக் கல்லோடு இறுக்கிய சேர்க்கையை இறைவன் உயிரில் பிரிப்பின்றி நிற்பதற்கு உவமையாக்கினார். கல் அரக்காவதில்லை; அரக்கும் கல்லாவதில்லை. பிரிக்கக்கூடிய சேர்க்கையைப் பிரிப்பின்மைக்குக் காட்டும் துணிச்சலான உவமைதான்.

டயகம போன்ற இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் கோயில்களுக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. குடமுழுக்கில் சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தனத்தில் கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு முதலியவை சேர்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை அதைப் புதுப்பிக்கும் வழக்கமே, பிணைப்பு நிலையற்றது என்பதைச் சடங்கு ஒப்புக்கொள்வதாகும்.

இயற்கையிலும் பசை உண்டு: கடல் மட்டி ஈரப் பாறையிலும் ஒட்டுகிறது. அதன் புரதத்தில் டோபா என்னும் அமினோ அமிலம் மிகுந்திருப்பதை 1981இல் ஹெர்பர்ட் வெய்ட் காட்டினார். டோபாவிலுள்ள கேட்டகால் வளையத்தின் அடுத்தடுத்த இரு ஹைட்ராக்சில்கள் உலோக ஆக்சைடைப் பற்றுகின்றன. ஆக்சிஜனேற்றம் பெற்ற வளையம் பாலிமரோடு பிணைகிறது. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒருங்கே பற்றும் டோபமைன் பூச்சை 2007இல் பிலிப் மெஸ்ஸர்ஸ்மித் குழு உருவாக்கியது. 2013இல் அதே குழு தேயிலைப் பாலிஃபீனால்களாலும் அத்தகைய பூச்சு அமைவதைக் காட்டியது. தேநீர்க் கோப்பையில் படியும் கறையும் இவற்றின் வேலையே.

டைட்டேனியத்தைப் பற்றிய ஒற்றை டோபா மூலக்கூறை இழுத்துப் பிரித்தால், அது மறுபடியும் ஒட்டும் என்பது 2006இல் அளந்து காணப்பட்டது. வைசேடிகக் கணக்கில் இதுவும் சையோகமே.