பத்துப் பேர்ச் நிலம்

சென்ற பங்குனி மாதத்தில் இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து என் மச்சான் ஒருவரின் கடிதம் வந்தது. அவர் எங்கள் தாராபுரத்து மணலில் ஓடித் திரிந்தவர். 1990 இல், ஒன்பது வயதில், பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறியவர். இன்று அந்தக் குளிர்நாட்டு நகரொன்றில் தொழிற்சாலைத் தொழிலாளியாக வாழ்கிறார். கடிதம் முழுவதும் மரக்கறித் தோட்டத்தைப் பற்றியே எழுதியிருந்தார்.

"இங்கே வசந்தம் பிறந்துவிட்டதென்று நாட்காட்டி சொல்கிறது, மண் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பட்டாணியும் அகன்ற அவரையும் குளிரைத் தாங்கும் என்பதால் அவற்றை மட்டும் ஊன்றியிருக்கிறேன். விதை உருளைக்கிழங்குகளை முட்டைத் தட்டுகளில் அடுக்கி, முளை கட்டுவதற்காக யன்னலோரம் வைத்திருக்கிறேன். தக்காளி நாற்றுகள் வீட்டுக்குள்ளேதான் வளர்கின்றன. வைகாசி முடிவில் உறைபனி விலகிய பின்புதான் அவற்றை வெளியே நடலாம். ஒரே இரவின் பனி எல்லாவற்றையும் கருக்கிவிடும்." இவ்வாறு எழுதிச் சென்றவர் இறுதியில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தார்: "எனக்கு இங்கே சொந்த வீடில்லை. ஆனால் நகரசபை குத்தகைக்குத் தந்த பத்து ரொட் நிலம் உண்டு. அதில் மண்வெட்டியோடு நிற்கும்போது மாத்திரம் நான் யாருடைய விருந்தாளியுமல்லன்."

அந்த வாக்கியம் என்னைப் பல நாட்கள் விட்டகலவில்லை. ஆண்டுதோறும் சிறு தொகை குத்தகை செலுத்தும் ஒருவன், தன் பெயரில் உறுதியில்லாத நிலத்தில் நின்றுகொண்டு இவ்வாறு எப்படிச் சொல்லலாம்? நிலத்தின் மீது மனிதனுக்கு உரிமையைத் தருவது எது? பத்திரமா, அல்லது அவன் சிந்திய வியர்வையா?

மச்சானின் அந்தப் பத்து ரொட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கிராமங்களில் ஏழைகள் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை கொண்டிருந்த பொதுநிலங்கள் இருந்தன. நிலப்பிரபுக்கள் அவற்றை வேலியிட்டு வளைத்துக்கொண்டனர். அவர்களே நிறைந்திருந்த பாராளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்களால் அந்த வளைப்புக்கு முத்திரையிட்டது. 1649 ஆம் ஆண்டு ஏப்ரலில், மன்னன் முதலாம் சார்ள்ஸ் சிரச்சேதம் செய்யப்பட்டுச் சில வாரங்களே கழிந்திருந்த வேளையில், சறே மாவட்டத்தின் சென் ஜோர்ஜ் குன்றில் ஒரு சிறு கூட்டத்தினர் மண்ணைக் கொத்தத் தொடங்கினர். ஜெராட் வின்ஸ்ரன்லி அவர்களுள் முதன்மையானவர். தரிசாகக் கிடந்த பொதுநிலத்தில் அவர்கள் கரட்டும் பார்ஸ்னிப் கிழங்கும் அவரையும் விதைத்தனர். நிலம் மனிதர் அனைவருக்கும் பொது என்பதே அவர்களுடைய வாதம். அந்த வாதத்தை அவர்கள் வாளால் அன்றி விதையால் நிறுவ முயன்றனர். நிலப்பிரபுக்களின் ஆட்கள் அவர்களை அடித்தனர், பயிரை மிதித்தனர், குடிசைகளை அழித்தனர். ஏறத்தாழ ஓராண்டில் அம்முயற்சி முடிந்தது.

ஆயினும் கேள்வி முடியவில்லை. நிலமிழந்த ஏழைகளின் பசியும் போராட்டமும் தொடர்ந்தன. மரக்கறி பயிரிட விரும்பும் குடிமக்களுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் நிலத்துண்டு வழங்க வேண்டும் என்ற கடமையை 1908 ஆம் ஆண்டின் சட்டம் உறுதிப்படுத்தியது. அத்துண்டின் வழமையான அளவு பத்து ரொட். என் மச்சான் இன்று கொத்தும் மண், பறிக்கப்பட்ட பெருநிலத்துக்கு ஈடாக மக்கள் போராடிப் பெற்ற ஒரு துணுக்கு.

ரொட் என்பதும் நம் நாட்டில் நாம் கூறும் பேர்ச் என்பதும் ஒரே அளவைக்கு வழங்கும் இரு பெயர்கள். அந்த அளவுகோலை நமக்குக் கொண்டுவந்தவர்களும் ஆங்கிலேயரே. ஆனால் அதே கோலால் அவர்கள் இங்கே வேறு விதமாக அளந்தனர்.

நுவரெலியாவுக்குச் சென்றவர்கள் அந்தக் குளிர்நாட்டுத் தோட்டத்தை நம் நாட்டிலேயே காணலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரில் தை, மாசி மாதங்களின் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெண்மையாகப் படிவதுண்டு. ஏப்ரல் மாதத்தை அங்கே வசந்த காலம் என்றே கொண்டாடுகின்றனர். 1848 இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே தம் நாட்டுக் குடியேறிகளையும் கால்நடைகளையும் விதைகளையும் கொண்டு ஒரு பண்ணையை நிறுவினார். கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் என்று இன்று நாம் சந்தையில் வாங்கும் மலைநாட்டு மரக்கறிகள் அந்தக் குளிரில் விளைபவையே.

மலைநாட்டின் காடுகளை வெட்டி அதனைத் தோட்டமாக்கிய கைகளோ எங்கள் மன்னார்க் கரையில் இறங்கியவை. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தோணியேறி வந்தோர் இங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் கொன்றவர்களின் எலும்புகள் அந்தப் பாதையின் இருமருங்கிலும் புதைந்தன. பிழைத்து மலையேறியவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. இங்கிலாந்தின் ஏழைக்கு மரக்கறி பயிரிட உரித்தான பத்து ரொட்டில் அத்தகைய இருபத்திரண்டு காம்பராக்களை அடக்கிவிடலாம்!

அந்த லயத்தின் ஓரத்திலும் சரிவிலும் தொழிலாளர் குடும்பங்கள் தாமே கல்பொறுக்கி, வரம்பு கட்டி, போஞ்சியும் கோவாவும் பயிரிட்டன. ஆனால் அது தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தால் வந்த பயிர். சம்மதம் நீங்கினால் பயிரும் நீங்கும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தின் பேரில் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். மூதாதையர் நடந்து வந்த வழியே திரும்பி, தலைமன்னார்த் துறையில் கப்பலேறினர். அவர்கள் விட்டுச்சென்ற பாத்திகளுக்கு எந்தப் பத்திரமும் இல்லை. மண்ணைப் பண்படுத்திய மூன்று தலைமுறைகளின் உழைப்பு, சட்டத்தின் கண்ணில் ஒரு பேர்ச்சுக்கும் நிகராகவில்லை. 2015 ஆம் ஆண்டையடுத்துத் தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் வழங்கும் முடிவு வந்தது. எனினும் மிகப் பல குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன.

இதுவரை வாசித்தோர், 'உழைப்பவனுக்கே நிலம், இதிலென்ன ஐயம்?' எனலாம். நானும் மாணவப் பருவத்தில் அவ்வாறே உரக்கச் சொன்னவன்தான். ஆனால் இக்கொள்கை இருமுனைக் கத்தி என்பதை மறக்கலாகாது. மனிதன் தன் உழைப்பை நிலத்தோடு கலப்பதால் அது அவனுடையதாகிறது என்று பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் லொக் எழுதினார். பிறருக்கும் போதிய நிலம் எஞ்ச வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர் விதித்தார். நிபந்தனையைக் கைவிட்டு வாதத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டோர், 'இம்மக்கள் நிலத்தை உழவில்லை. ஆகவே இது இவர்களுடையதன்று' என்று கூறி அமெரிக்கப் பழங்குடிகளின் மண்ணைக் கவர்ந்தனர். இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பயிரிடப்படாத நிலங்களும் காடுகளும் முடிக்குரியவை என்று அனுமானித்தது. கண்டிச் சிங்கள விவசாயி விட்டுவிட்டுப் பயிர்செய்த சேனை நிலமும் மாடு மேய்த்த காடும் இவ்வாறுதான் தோட்டங்களாயின. நிலமிழந்த சிங்கள விவசாயியும் நிலமே பெறாத தமிழ்த் தொழிலாளியும் ஒரே வேலியின் இரு புறங்களில் நிறுத்தப்பட்டனர்.

இந்தச் சிக்கல் எனக்குப் புத்தகத்தில் மட்டும் எதிர்ப்பட்டதன்று. 1990 ஒக்ரோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டபோது, என் வாப்பா எங்கள் காணியின் உறுதியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் சென்றார். நான் பிறந்தது புத்தளத்து அகதி முகாமில். இருபது ஆண்டுகளாக அந்தப் பை ஓலைக் கூரையின் கீழ் தொங்கியது. 2010 தை மாதத்தில் நாங்கள் ஊர் திரும்பியபோது எங்கள் வளவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவர்களும் போரால் துரத்தப்பட்டவர்களே. அவர்களுடைய சொந்தக் காணிக்குச் செல்ல அப்போது அனுமதியில்லை. தூர்ந்த கிணற்றை இறைத்து, மணலுக்கு எருவிட்டு, கத்தரியும் மிளகாயும் வைத்திருந்தனர். மாரிப் பயிர் காய்க்கத் தொடங்கியிருந்தது.

வாப்பாவின் கையில் உறுதி இருந்தது. அந்த மனிதரின் கையில் காய்ப்புத் தழும்புகள் இருந்தன. இருவரும் நெடுநேரம் பேசவில்லை. அவருடைய மனைவிதான் என் உம்மாவிடம், "அம்மா, காய் பறிச்சு முடியும் வரைக்கும் விடுங்கோ; பிறகு போயிடுறம்" என்றார். உம்மா திரும்பிப் பார்த்து, "அவங்களுக்குப் போறதுக்கு ஒரு இடம் கிடைக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். நாங்கள் எட்டு மாதங்கள் உறவினர் வீட்டில் தங்கினோம். அவர்கள் தம் மண்ணுக்குத் திரும்பிய பின் நாங்கள் எங்கள் மண்ணுக்குத் திரும்பினோம். அவர்கள் நட்ட முருங்கையின் காயை இன்றும் உண்கிறோம்.

உம்மா லொக்கையும் வின்ஸ்ரன்லியையும் அறியாதவர். ஆயினும் நான் தேடிய விடையின் பெரும்பகுதி அவருடைய சொல்லில் இருந்தது. உழைப்பு நிலத்தின் மேல் உரிமையைத் தருகிறது. ஆனால் ஒருவனை வெளியேற்றிய இடத்தில் நின்று செய்யும் உழைப்பு அந்த வெளியேற்றத்தை நியாயமாக்கிவிடாது. பத்திரமும் உரிமையைத் தருகிறது. ஆனால் போக்கிடமற்ற ஒருவனின் பயிரை மிதிக்கும் உரிமையை அது தருவதில்லை. இவ்விரண்டுக்கும் மேலாக நிற்பது, எந்த மனிதனும் உலகில் காலூன்றி உணவு விளைவிக்க ஓரிடமின்றி இருக்கலாகாது என்ற நியதி. மலைநாட்டுத் தொழிலாளியின் கோரிக்கையில் எவனுடைய வெளியேற்றமும் இல்லை. தான் பண்படுத்திய மண்ணில் ஒரு துண்டு தன் பெயரில் வேண்டும் என்றே அவன் கேட்கிறான்.

2023 ஆம் ஆண்டு மலையக மக்கள் வருகையின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தனர். அந்த நடை எங்கள் வீதியால் சென்றது. அதனைப் பார்த்த மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்: "மன்னார்ச் சந்தைக்கு வரும் கரட்டும் கோவாவும் எந்த வழியால் வருகின்றன?" சற்று யோசித்துவிட்டு ஒரு சிறுமி சொன்னாள்: "அவங்க நடந்து போன வழியாலதான், சேர்."

அவர்கள் பட்டினியோடு நடந்து சென்ற பாதையில் இன்று நமக்கு உணவு வருகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலையில் அந்த மண்ணின் கடன் தீர்ந்துவிடவில்லை. மச்சானுக்கு எழுதிய பதிலில் இதனையே குறிப்பிட்டேன். அந்நிய நாட்டில் அவருக்குக் கிடைத்த பத்துப் பேர்ச், இந்நாட்டை விளைவித்தோருக்கு இந்நாட்டிலேயே கிடைக்கும் நாளில்தான் நாம் எவரும் விருந்தாளியல்லர் என்று சொல்லத் தகுதி பெறுவோம்.