அறுந்த வார்

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கைக் கிரிக்கெட் அணியின் பின்னே மனத்தை அலையவிட்ட என் போன்றவர்கள் அடைந்த ஏமாற்றங்களை வரிசையாக எடுத்துரைப்பதில் எனக்கு உற்சாகமில்லை. செப்டெம்பர் 17ஆந் திகதி, சொந்த மண்ணாகிய கொழும்புப் பிரேமதாச மைதானத்தில், ஆசியக் கிண்ண இறுதியாட்டத்திலே, சிராஜ் என்னும் வேகப் பந்துவீச்சாளர் ஒரே ஓவரில் நால்வரை வெளியேற்ற, நம்மவர்கள் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டார்கள். அந்த அவமானத்தின் சூடு ஆறுமுன்னரே தொடங்கிய உலகக் கிண்ணத்தில், நவம்பர் 2ஆந் திகதி மும்பாயில், அதே இந்திய அணியிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு 302 ஓட்டங்களால் தோற்றார்கள். ஒன்பது ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள். பட்டியலில் ஒன்பதாம் இடம். அந்நாட்களில் விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தது, நீதிமன்றம் அதைத் தடுத்தது, சர்வதேசக் கிரிக்கெட் சபை நம் நாட்டின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது என்றெல்லாம் நடந்த கூத்தை நாடறியும். அவை எவையும் என் நித்திரையைக் கெடுக்கவில்லை. கெடுத்தது நவம்பர் 6ஆந் திகதி டில்லியில் அறுந்த ஒரு தலைக்கவசத்தின் வார்.

சம்பவம் சிறியது. பங்களாதேஷுடனான ஆட்டத்தில் சமரவிக்ரம ஆட்டமிழந்ததும், ஏஞ்சலோ மெத்தியூஸ் உள்ளே வந்தார். முதலில் அறிவித்த அணியில் இடம்பெறாமல், காயமுற்ற பத்திரனவுக்குப் பதிலாகப் பின்னர் சேர்த்துக் கொள்ளப்பட்டவர் அவர். ஆடுகளத்தின் அருகே நின்று தலைக்கவசத்தின் வாரைத் தாடையின் கீழ் இறுக்க முயன்றபோது, அது கையோடு வந்துவிட்டது. வேறொரு கவசம் கொண்டு வரும்படி அவர் சைகை செய்தார். எதிரணித் தலைவர் சகிப் அல் ஹசன் நடுவரிடம் முறையிட்டார். ஒருவர் ஆட்டமிழந்த பின் 2 நிமிடங்களுக்குள் அடுத்தவர் பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. முறையீட்டை வாபஸ் பெறுகிறீர்களா என்று நடுவர்கள் கேட்க, சகிப் மறுத்துவிட்டார். சர்வதேசக் கிரிக்கெட்டின் சரித்திரத்திலேயே இவ்விதம் ஆட்டமிழந்த முதல் மனிதராக, ஒரு பந்தையேனும் சந்திக்காமல், மெத்தியூஸ் திரும்பி நடந்தார்.

எங்கள் வீட்டு முன்னறையில் அன்று ஆறேழு பேர் கூடியிருந்தோம். கிரிக்கெட்டைப் பற்றி யாதொன்றும் அறியாத, நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்ந்துவிட்ட பக்கத்து வீட்டு அத்தை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் மாஸ்டர், வந்த புள்ளைய ஏன் திருப்பி வெரட்டுறானுங்க?" என்று கேட்டார். என் மருமகன் விளக்கினான். அத்தை சிறிது நேரம் யோசித்தார். பிறகு, எவ்விதப் பரிகாசமும் இல்லாமல், "கயிறு அந்துபோச்சு, நேரமாச்சு, சரிதான். அரைப்பேராவது போடுவாங்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள், நானுந்தான் சிரித்தேன்.

தோட்டத்து வாழ்க்கையை அறியாத வாசகருக்காக ஒன்று சொல்லி வைக்கிறேன். எங்கள் ஜனங்களுக்கு ஒரு நாளைய உழைப்பு என்பது ஒரு 'பேர்'. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளையின் முன் நின்று பெயர் பதிந்து, மலைக்குப் போய், தோட்டம் விதித்த அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பெரட்டுக்குப் பிந்தினால் அந்தப் பாதியும் சந்தேகந்தான். ஆகவே அத்தை கேட்டது வேடிக்கையன்று. ஆயத்தமாக வந்து, களத்தில் கால் வைத்து, ஒரு சாமான் பழுதுபட்டதால் திருப்பி அனுப்பப்படும் ஒரு தொழிலாளிக்கு ஏதேனும் உரித்துண்டா என்ற, தம் அனுபவத்திலிருந்து எழுந்த நியாயமான கேள்வி அது.

அந்தக் கேள்வி என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், டிக்கோயாவுக்கு மேலே, நான் பிறந்து வளர்ந்த மேட்டு லயத்து வாசல். என் தாயார் கொழுந்துக் கூடையைச் சுமந்த விதத்தை இன்றைய பிள்ளைகள் புகைப்படங்களில்தான் பார்க்கிறார்கள். இடுப்பைச் சுற்றி முழங்காலுக்குக் கீழே தொங்கும் படங்கு. நான்காக மடித்துத் தலையில் போட்ட சீலைத்துண்டு. அதன்மேல் உச்சியை அழுத்திக்கொண்டு முதுகுப்புறமாய் இறங்கும் கூடைக்கயிறு. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, எண்ணெயும் வியர்வையும் ஊறி, அந்தக் கயிறு ஒரு மாட்டுத் தோலைப்போல இறுகிக் கிடக்கும். அவருடைய உச்சியில் அது படிந்த இடத்தில் முடி மெலிந்து, ஒரு விரற்கடை அகலத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தது; இறந்த பின்னர் அவருக்குத் தலைவாரிவிட்ட என் அக்காள், சீப்பு அந்தக் கோட்டில் வழுக்கியதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஒரு நாள் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் அந்தக் கயிறு அறுந்துவிட்டது. முடிச்சுப் போட்டால் முடிச்சு உச்சியில் குத்தும். குத்தாத இடத்தில் முடிச்சு வரும்படி கயிற்றை மாற்றிக் கட்ட நேரம் வேண்டும். அவர் கட்டினார், பிந்தினார், பேர் இல்லை என்று அனுப்பப்பட்டார். மறுவார்த்தை பேசாமல் படியேறித் திரும்பி வந்தவர் அன்று பகல் முழுவதும் வீட்டில் இருந்தார், ரொட்டி சுட்டார், தேங்காய்ச் சம்பல் அரைத்தார். பகல் வேளையில் தாயாரை வீட்டில் காண்பதென்பது எனக்குத் திருவிழாவைப் போன்ற ஓர் அபூர்வம். நான் மிகுந்த ஆனந்தத்தில் இருந்தேன் என்பதை மறைக்க முடியாது. ஓர் அநியாயம் எனக்கு ஒரு நல்ல நாளாக வந்து வாய்த்தது என்ற எண்ணம் அந்த வயதில் எழவில்லை. இந்த வயதில் எழுந்து உட்கார்ந்துகொண்டு போக மறுக்கிறது.

வாரைப் பற்றியல்லவா சொல்லிக்கொண்டிருந்தேன். தாடையின் கீழே ஓடும் அந்த ஒரு விரல் அகல நாடாவுக்கு அத்தனை முக்கியத்துவம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லண்டன் ஓவல் மைதானத்தில், முதலாவது உலகக் கிண்ணத்திலே, அவுஸ்திரேலியாவின் ஜெப் தொம்சன் வீசிய வேகத்தை நம்மவர்கள் தலைக்கவசம் ஏதுமில்லாமல் எதிர்கொண்டார்கள். துலீப் மெண்டிஸும் சுனில் வெத்தமுனியும் அடிபட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆனாலும் 328 ஓட்டங்களைத் துரத்திய அணி நான்கே விக்கெட்டுகளை இழந்து 276 வரை போயிற்று. தோல்விதான், ஆயினும் அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து முச்சந்திக் கடையில் ஒருவர் உரக்க வாசிக்க, நாங்கள் கேட்டு நின்றபோது இருந்த பெருமிதம், பிற்காலத்து வெற்றிகள் பலவற்றில் எனக்கு வாய்த்ததில்லை. பின்னர் 2014இல் சிட்னியில், கவசம் அணிந்திருந்தும் அது மறைக்காத கழுத்தில் பந்து தாக்கி அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் உயிரிழந்தார். வார் இல்லாத கவசத்தோடு நின்று ஆடு என்று ஒரு மனிதனிடம் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

ஆனால் சகிப் செய்தது பிழையா? இங்கேதான் எனக்குப் புத்தி தடுமாறுகிறது. விதி அவர் பக்கம் இருந்தது. வார் அறுவதற்கு முன்னரே 2 நிமிடங்கள் கழிந்துவிட்டன என்று நான்காம் நடுவர் சொன்னார். இல்லை, இன்னும் சில விநாடிகள் மிச்சமிருந்தன என்று மெத்தியூஸ் காணொளியைக் காட்டி வாதாடினார். எப்போதோ இரவல் வாங்கிப் படித்த ஒரு நூல் அரைகுறையாக நினைவுக்கு வருகிறது: டிரினிடாட் தீவைச் சேர்ந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட 'பியோண்ட் எ பவுண்டரி'. வீட்டு ஜன்னலருகே நாற்காலியில் ஏறி நின்று மைதானத்தைப் பார்த்த ஒரு சிறுவன், வெள்ளைக்காரன் கற்பித்த விளையாட்டோடு அவனுடைய ஒழுக்கச் சட்டத்தையும் சேர்த்து விழுங்கிவிடுகிறான். நடுவரின் தீர்ப்பை ஆட்சேபிக்கக் கூடாது, ஏமாற்றக் கூடாது, தோல்வியில் முகஞ்சுளிக்கக் கூடாது. எஜமானர்கள் சௌகரியப்படி தளர்த்திக்கொண்ட ஆசாரத்தை அடிமைப்பட்டவர்களே அதிக சிரத்தையோடு காத்தார்கள் என்பது அந்நூலிலிருந்து என் மனத்தில் தங்கிய எண்ணம். ஜேம்ஸ் அதை அப்படியே சொன்னாரா, நான் சேர்த்துக்கொண்டேனா என்பது வேறு விஷயம். என் தாயார் மறுவார்த்தை பேசாமல் படியேறியதும் அந்த ஆசாரத்தின் ஒரு கிளைதானோ? அல்லது பேசிப் பயனில்லை என்ற அறிவா? மெத்தியூஸ் அப்படிப் போகவில்லை; எல்லைக்கோட்டைத் தாண்டும்போது கவசத்தை வீசியெறிந்தார். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

விதிகள் மாறாதவையும் அல்ல. 1995 டிசம்பர் 26ஆந் திகதி மெல்பேர்னில், டரல் ஹெயார் என்ற நடுவர், முத்தையா முரளிதரனின் பந்துகளை முறையற்ற பந்துகள் என்று ஏழு தடவை அறிவித்தார். முரளியின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து நம் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர். ஆகவே அந்த ஏழு கூவல்களும் எங்கள் லயங்களில் விழுந்தன என்று சொன்னால் மிகையாகாது. அன்று அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியின் பக்கம் நின்றார். பின்னர் விஞ்ஞானிகள் அளந்து பார்த்தபோது, நேரான கையென்று நம்பப்பட்ட பந்துவீச்சாளர் பலருடைய முழங்கையும் கொஞ்சம் மடங்கி நிமிர்வது தெரியவந்து, 15 பாகை வரை குற்றமில்லை என்று விதியே திருத்தப்பட்டது. 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு முரளி ஓய்வு பெற்றார். முழங்கைக்குக் கிடைத்த அந்த அளவுகோல் வாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு நாள் மருமகனிடம் கேட்டேன். "மாமா, முழங்கை உடம்போட பொறந்தது, ஹெல்மெட் கடையில வாங்குனது. வர்றதுக்கு முன்னாடியே இழுத்துப் பாத்திருக்கணும்" என்றான். கணக்கப்பிள்ளையும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருப்பார்.

காலக்கெடு என்ற சொல்லைக் கேட்டாலே மலையகத்தவனுக்கு வேறொரு ஞாபகமும் வரும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், வேண்டுமானால் விண்ணப்பித்துக்கொள் என்று 2 ஆண்டு அவகாசம் கொடுத்தது. முதலில் அதைப் பகிஷ்கரித்துவிட்டு, கெடு நெருங்கியபோது எழுதிக் குவித்த விண்ணப்பங்களில் அடங்கிய ஏறத்தாழ 825,000 பேரில், பிரஜைகளாக ஏற்கப்பட்டவர்கள் சுமார் 134,000 பேர்தான். பதிவு இல்லை, வதிந்ததற்குச் சாட்சி இல்லை, கடிதாசியில் ஒரு பெயர் பிசகு. எல்லாமே அறுந்த வார்கள். இந்த உவமையை அளவுக்கு மீறி இழுக்கிறேன் என்று வாசகர் எண்ணக்கூடும். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஒரு கோடீஸ்வர விளையாட்டு வீரரின் ஒரு நாளைய நஷ்டத்தை, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுத் தலைமன்னாரில் கப்பலேறிய லட்சக்கணக்கானோரின் பக்கத்தில் வைப்பது நியாயமல்ல.

இருந்தாலும் ஒன்று மட்டும் எனக்கு ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. 50 ஓட்டங்களும் 55 ஓட்டங்களும் என்னை வருத்தினவே தவிர அறுக்கவில்லை. ஏனெனில் அங்கே பந்து வந்தது, மட்டை எழுந்தது, ஆட்டம் நடந்தது. ஆடித் தோற்பவனுக்குத் தோல்வியாவது சொந்தம். ஆடவிடாமல் திருப்பப்பட்டவனுக்கு அதுவும் இல்லை. இலங்கை தோற்ற இரவுகளில் எங்கள் பணிய லயத்தில் இந்தியாவுக்காகப் பட்டாசு கொளுத்தும் சில இளைஞர்களை முன்னெல்லாம் நான் கடிந்துகொண்டதுண்டு. மெத்தியூஸுக்கு நடந்ததைக் கேட்டு அவர்களும் கொதித்தார்கள். அணியின்மேல் திடீரென்று பிறந்த அபிமானமா, அல்லது தம் வீட்டில் கேட்ட பழைய கதை ஒன்றின் எதிரொலியா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்தத் தொடரின் முடிவில் பங்களாதேஷும் இலங்கையும் ஆளுக்கு 4 புள்ளிகள் பெற்றிருந்தன. ஓட்ட விகிதத்தால் அவர்கள் எட்டாமிடம், நாம் ஒன்பதாமிடம். முதல் எட்டு அணிகளுக்கே இடம் என்பதால், 2025இன் சாம்பியன்ஸ் கிண்ணம் நாம் இல்லாமல் நடந்தேறியது. இடையில், 2024 ஓகஸ்டில், இதே அணி இந்தியாவை ஒருநாள் தொடரில் 2-0 என்று வென்றது; 1997க்குப் பின் முதற்றடவை. ஊரே கொண்டாடிய அந்த வெற்றியைக் காட்டிலும், சாம்பியன்ஸ் கிண்ணத்தில் பங்களாதேஷ் இந்தியாவிடமும் நியூசிலாந்திடமும் தோற்ற இரண்டு மாலைகளை நான் அதிக கவனத்தோடு பார்த்தேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 2025 ஜூனில் மெத்தியூஸ் காலியில் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். எதிரணி அதே பங்களாதேஷ். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அவர் மனத்தில் அந்த வார் இன்னும் கிடந்ததா, இறக்கி வைத்துவிட்டாரா என்பது எனக்கெப்படித் தெரியும்? என் மனத்தில் இருப்பது அணியின்மேல் உள்ள பற்றா, ஒரு பழைய கோபம் தங்குவதற்குக் கண்டுபிடித்த வசதியான இடமா என்பதே எனக்குத் தெரியவில்லை. அடுத்த தொடரின் அட்டவணை வெளியாகும்போது பங்களாதேஷுடனான ஆட்டம் என்றைக்கு என்றுதான் முதலில் பார்ப்பேன் போலிருக்கிறது.