கூரையைப் பிரித்த நால்வர்



கப்பர்நாகுமில் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்தனர். கூட்டம் வழிமறித்தது, கூரையைப் பிரித்து அவனை இறக்கினர். அவர்களது விசுவாசத்தைக் கண்டே ஆண்டவர் அருள்புரிந்தார் என்கிறார் புனித மாற்கு.

பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேருக்கு இருதயத்தில் குறைபாடு இருக்கிறது. பால் குடிக்கையில் மூச்சு வாங்குதல், நெற்றி வியர்த்தல், உதடு நீலம் பாரித்தல், நிறை கூடாமை, அடிக்கடி சளிச்சுரம் ஆகியவை அதன் அடையாளங்கள். "வளர வளரச் சரிவரும்" என்று அம்மம்மா ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலிலே மாதங்கள் கழிந்துவிடும். பிறந்து 24 மணித்தியாலம் கடந்த சிசுவின் வலது கையிலும் காலிலும் சிறு கருவியொன்றைப் பொருத்தி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்த்தால், ஆபத்தான குறைகள் பல நோவின்றியே புலப்படும்.

குழந்தைகளின் இருதயச் சத்திரசிகிச்சை பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இலவசமாக நடைபெறுகிறது. ஆனால் மன்னாரிலிருந்தோ மஸ்கெலியாத் தோட்டத்திலிருந்தோ வரும் தாய்க்குக் கொழும்பே வழிமறிக்கும் கூட்டம். தங்க இடமில்லை, சிங்களம் தெரியாது, நாட்சம்பளமும் போய்விடும். தவறிய ஒரு திகதி பிள்ளையின் உயிரையே கேட்கலாம்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களே, உங்கள் வீட்டில் ஒரு பாய் விரிக்க இடமுண்டா? கிளினிக்கில் அத்தாயின் அருகே நின்று, வைத்தியர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு காலைப்பொழுது உண்டா? ஊரிலுள்ள உறவினருக்கு இவ்வடையாளங்களை இன்றே அறிவியுங்கள்.

படுக்கையின் நான்கு மூலைகளில் ஒன்று, பிடிப்பாரின்றி இன்னும் காத்திருக்கிறது.