பீப்பாயின் அடியில் கிடந்த சாவி

ஓர் ஒயின் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது ஒயினைப் பற்றிய செய்தியா, சொல்பவரின் நாக்கைப் பற்றிய செய்தியா? அழகியலில் நெடுநாளாகத் தீராத வழக்கு இது. அவரவர் ருசி அவரவருக்கு என்று விட்டுவிடுவது எளிது. ஆனால் அப்படிச் சொல்பவரே சாப்பாட்டு மேசைக்கு வந்ததும், 'இந்த மீனுக்கு அந்தச் சிவப்பு ஒயின் ஒத்துவராது' என்பார். ருசி முழுக்கத் தனியாள் விஷயம் என்றால் ஒத்துவருவது, ஒத்துவராதது என்ற பேச்சுக்கே இடமில்லை. உணவோடு ஒயினைச் சுவைக்கும் பழக்கத்தில் மெய்யியலுக்கு வேலை இருப்பது இங்கேதான்.

ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட, ரசனையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், செர்வான்டெஸின் 'டான் குயிக்ஸாட்' நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். சாஞ்சோ பான்ஸா தன் உறவினர் இருவரைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளும் கதை அது. ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துக் கருத்துச் சொல்ல அவர்களை அழைக்கிறார்கள். நல்ல ஒயின்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை வருகிறது என்கிறார் ஒருவர். நல்லதுதான், ஆனால் இரும்பு ருசி தட்டுகிறது என்கிறார் மற்றவர். கூடியிருந்தவர்கள் இருவரையும் கேலி செய்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அதன் அடியில், தோல் வாரில் கோத்த பழைய சாவி ஒன்று கிடக்கிறது. ஹியூம் கதையைச் சற்று மாற்றித்தான் சொல்கிறார். நாவலில் இரும்பைக் கண்டவர் ஒயினை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறார். தோலைக் கண்டவரோ குடிக்கவே இல்லை, மூக்கருகே கொண்டுபோனதோடு சரி. ருசி எனப்படுவதில் பெரும்பங்கு மணத்துக்கு உண்டு என்பதை வைத்துப் பார்த்தால், இந்த இடத்தில் மெய்யியலாளரைவிட நாவலாசிரியரே துல்லியம்.

சாவி எதை நிரூபிக்கிறது? மற்றவர்களுக்குப் புலப்படாத ஒன்று ஒயினில் உண்மையிலேயே இருந்தது, இருவரும் அதைக் கண்டுகொண்டார்கள் என்பதை. அந்தத் தோல் வாடையால் ஒயினின் தரம் குறைந்ததா என்பதை எந்தச் சாவியும் சொல்லாது. கண்டறிவது வேறு, மதிப்பிடுவது வேறு. ஹியூம் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கப் பார்க்கிறார். நல்லறிவு, நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம், முன்முடிவின்மை ஆகிய ஐந்தும் வாய்த்தவர்கள் ஒருமித்துச் சொல்லும் தீர்ப்பே அளவுகோல் என்கிறார்.

இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியான தம் நூலில் ஒயினுக்கு அந்த வாய்ப்பையும் தரவில்லை. கேனரித் தீவு ஒயின் இனியது என்று சொல்பவரை யாராவது திருத்தி, 'எனக்கு இனியது' என்று சொல்லச் சொன்னால் அவர் தயங்காமல் ஏற்றுக்கொள்வார் என்பது காண்ட் தரும் உதாரணம். அழகு எல்லோருடைய உடன்பாட்டையும் கோரும். நாக்கின் இன்பம் கோராது. கோனிக்ஸ்பர்க்கில் நண்பர்களைக் கூட்டி ஒயினோடு விருந்து வைத்தவர், மேசையில் மூவருக்குக் குறையாமலும் ஒன்பது பேருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்ற விதியைப் போற்றியவர், இப்படிச் சொன்னது வேடிக்கைதான். ஆனாலும் அதே பகுதியில் ஒரு சலுகை இருக்கிறது. வந்தவர் எல்லோருக்கும் பிடிக்கும்படி விருந்தை அமைக்கத் தெரிந்தவரை ரசனை உள்ளவர் என்று சொல்லலாம் என்கிறார். அங்கேயும் விதிகள் உண்டு. அவை அனுபவத்தில் திரண்ட பொதுவிதிகள், விலக்கே இல்லாதவை அல்ல.

அந்தப் பொதுவிதிகள் எங்கிருந்து வருகின்றன? திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பைத் தருகிறது. அது எச்சிலிலுள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரளச் செய்யும். வழவழப்பு போய் நாக்கும் ஈறும் வறண்டு இழுக்கும். கபர்னே சோவிஞோன் என்ற சிவப்பு ஒயினை இளமையிலேயே தனியாகக் குடிப்பவர் முகம் சுளிப்பது இதனால். கொழுப்புள்ள ஆட்டிறைச்சியைத் தின்ற வாயில் அதே ஒயின் மென்மையாக இறங்குகிறது, ஏனென்றால் டானின் பிணைந்துகொள்ள இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அங்கே இருக்கின்றன. பதிலுக்கு ஒயினும் வாயில் படிந்த பிசுக்கைத் துடைத்துவிடுகிறது.

மீனில் கதை வேறு. கடலுணவோடு சில சிவப்பு ஒயின்கள் கவிச்சி வாடையைக் கிளப்புவதற்கு, ஒயினில் கரைந்துள்ள இரும்பு முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். இரும்பு கூடக் கூட வாடையும் கூடியது. இரும்பைச் செயல்படாமல் கட்டியதும் அது குறைந்தது. பீப்பாயைச் சுற்றி நின்றவர்களின் கையில் மீனும் இருந்திருந்தால், சாஞ்சோவின் உறவினர் சொன்ன இரும்பு மற்றவர்களுக்கும் பிடிபட்டிருக்கக்கூடும். இரும்பால் ஒரு கெடுதலும் நேர்ந்தது என்பதையும் அவர்கள் அப்போதே உணர்ந்திருப்பார்கள். சாவியால் காட்ட முடியாமல் போனது அதைத்தான். சேர்க்கை கெடுப்பதுபோலவே திருத்துவதும் உண்டு. பிரான்ஸின் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி தனியாக உப்புக் கரிக்கும், இனிப்பான சோத்தேர்ன் ஒயின் தனியாகத் திகட்டும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் மிகையை மற்றது அடக்குகிறது.

ஆகவே பொருத்தம் என்பது கோப்பைக்குள் இருக்கும் குணமும் அல்ல, குடிப்பவரின் விருப்பம் மட்டும் அல்ல. இரண்டு பொருள்கள் ஒரே வாயில் சேரும்போது உண்டாகும் உறவு அது. காண்ட் கேட்ட 'எனக்கு' என்ற திருத்தம் இங்கே போதாது. 'ஆட்டிறைச்சியோடு' என்ற திருத்தமும் வேண்டும். இரண்டாவது திருத்தம் குடிப்பவரைச் சுட்டுவதில்லை. அதனால் பிறர் சோதித்துப் பார்த்து உடன்படவும் மறுக்கவும் அது இடம் கொடுக்கிறது.

ஹியூமின் நிபந்தனைகளில் நடைமுறையில் அதிகம் சறுக்குவது கடைசியில் வரும் முன்முடிவின்மை. 2001இல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறமியைக் கலந்து கொடுத்தபோது, ஒயின் இயல் படிக்கும் 54 மாணவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். இதைக் காட்டி, ஒயின் ரசனை மொத்தமும் புரட்டு என்று சிரிப்பவர்கள் உண்டு. அவசர முடிவு அது. மாணவர்கள் ஏமாந்தார்கள் என்றாலே, ஏமாறாதவர் சொல்லியிருக்கக்கூடிய சரியான விடை ஒன்று இருக்கிறது என்றுதான் பொருள். முன்முடிவுக்கு வழியில்லாமல் செய்தால் தீர்ப்பு மாறுவதும் உண்டு. 1976 மே 24 அன்று பாரிஸில் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய போட்டியில் லேபிளை மறைத்துக் கொடுத்ததும், பிரெஞ்சு நடுவர்களே வெள்ளையிலும் சிவப்பிலும் கலிஃபோர்னியா ஒயினுக்கு முதலிடம் தந்தார்கள். ஆனால் இத்தகைய போட்டிகளில் ஒரு மடக்கைத் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவதே வழக்கம். சாப்பாட்டின் நடுவே அதே தரவரிசை நிற்குமா என்பதற்கு அவை விடை ஆகா.

ஐந்து தகுதியும் உள்ள நடுவர்களுக்குள்ளும் வேறுபாடு மிஞ்சும் என்று ஹியூமே ஒப்புக்கொள்கிறார். ஆளுக்கு ஆள் மனப்போக்கு வேறு, நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வழக்கம் வேறு. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவுக்குப் போன ஷாம்பெயினில் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேலும் சர்க்கரை இருந்ததுண்டு. ஆங்கிலேயர் கேட்டதோ இனிப்புக் குறைந்தது. போமெரி நிறுவனத்தின் 1874ஆம் ஆண்டு ஒயின் அந்தச் சந்தையை மனதில் வைத்துச் செய்ததுதான். இன்று ப்ரூட் எனப்படும் இனிப்புக் குறைந்த ஷாம்பெயினில் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவு. ரஷ்யர் சொன்னது சரியா, ஆங்கிலேயர் சொன்னது சரியா என்று கேட்டால் ஹியூமின் நடுவர்களும் கையை விரித்துவிடுவார்கள். பக்கத்தில் தித்திப்பான கேக் ஒன்றை வைத்தால் கேள்வியே மாறிவிடுகிறது. கேக்குக்குப் பின் ப்ரூட் வெறும் புளிப்பாகத் தெரியும், பழைய இனிப்பு ஷாம்பெயின் ஈடுகொடுக்கும். இதில் ரஷ்யரும் ஆங்கிலேயரும் முரண்படுவதற்குப் பெரிய காரணம் இல்லை.